தூக்குக்குண்டும் தூக்கிய பாதமும்

தென்னிந்தியாவில் அசையும் பெண்ணுருவத்தை வரையும் வித்தை கல்லில் தொடங்கியது. காகிதமும் பென்சிலும் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஓடுகிற, ஆடுகிற, வில் வளைக்கிற பெண்ணை எப்படிச் சாயாமல் நிறுத்துவது என்ற கணக்கைச் சிற்பிகள் தீர்த்துவிட்டார்கள். பெங்களூர் காக்ஸ் டவுனில் இருப்பவருக்கு அந்தக் கணக்கின் ஒரு மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. அல்சூர் சோமேஸ்வரர் கோயிலின் சிற்பங்களில் துர்க்கை மகிஷனை வதைக்கும் காட்சியும் ஒன்று.

காக்ஸ் டவுன், பெங்களூர் கன்டோன்மென்ட்டின் பிள்ளை. 1809ல் அமைந்த படைக் குடியிருப்பை நம்பிச் சிப்பாய்களும் கொத்தனார்களும் கடைக்காரர்களுமாகத் தமிழர்கள் வந்து குடியேறினர். 1898ல் பிளேக் வந்தபின் நெரிசலைக் குறைக்கப் புதிய பேட்டைகள் எழுந்தன. கலெக்டராக இருந்த காக்ஸின் பெயர் அவற்றில் ஒன்றுக்கு நிலைத்தது. 1947 வரை இந்தப் பகுதி மைசூர் மன்னரின் நிர்வாகத்துக்கு வெளியே இருந்தது. ஆகவே இங்குள்ள தமிழ் வீடுகளுக்குப் படம் என்ற ஒன்று இரண்டு திசைகளிலிருந்து வந்தது. கோயிலும் சிலையும் மைசூர்ச் சீமையில் கண்ணெதிரே நின்றன. வார இதழும் காலண்டரும் சினிமா போஸ்டரும் சென்னையிலிருந்து ரயிலேறி வந்தன. அசையும் பெண்ணுருவத்தின் வரலாறும் இந்த இரண்டு தடத்தில்தான் ஓடுகிறது.

முதல் தடத்தின் உச்சம் மாமல்லபுரத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரையான மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் வடக்குச் சுவரில், எட்டுக் கைகளோடு துர்க்கை சிங்கத்தின் மேலேறி வில்லை இழுத்தபடி பாய்கிறாள். எதிரில் எருமைத் தலை அசுரன், உருவத்தில் அவளைவிடப் பெரியவன், கதையைப் பற்றிக்கொண்டு பின்வாங்குகிறான். யார் வெல்வார் என்பதை முகபாவம் சொல்லவில்லை, உடல்களின் சாய்வு சொல்லிவிடுகிறது. துர்க்கையின் முதுகும் சிங்கத்தின் உடலும் ஒரே சரிவில் முன்னோக்கிச் செல்ல, மகிஷனின் உடல் அதே சரிவில் பின்னோக்கிப் போகிறது. எதிர்ச்சுவரில் அனந்தசயனத்தில் படுத்திருக்கும் திருமாலோ கிடைமட்டமாக, அசைவின்றிக் கிடக்கிறார். இரண்டு சுவரையும் மாறி மாறிப் பார்த்தால், சாய்கோடு எப்படி வேகமாகிறது, கிடைக்கோடு எப்படி அமைதியாகிறது என்று எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமலே விளங்கும். துர்க்கையின் உடல் இங்கே மெலிந்தது, தசை புடைக்காதது. வலிமை என்றாலே தசைதான் என்று எண்ணுகிற இன்றைய ஓவியக் கையேடுகளுக்கு 1,300 ஆண்டுப் பழைய மறுப்பு இது.

இந்தச் சாய்வைச் சிற்பிகள் கண்மட்டத்தில் விடவில்லை, நூல் கட்டி அளந்தார்கள். உச்சந்தலையிலிருந்து தொங்கும் நடுநூல், அதாவது பிரம்ம சூத்திரம், மூக்கு, தொப்புள், குதிகால் ஆகிய புள்ளிகளிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே நிலைகளுக்குப் பெயர் வைக்கும் அடிப்படை. நூல் உடலின் நடுவே நேராக இறங்கிப் பாதங்களுக்கு நடுவில் விழுந்தால் சமபங்கம். ஒரு காலில் எடை ஏறி இடுப்பு லேசாக ஒதுங்கினால் ஆபங்கம். தலை ஒரு பக்கம், மார்பு மறுபக்கம், இடுப்பு மீண்டும் முதல் பக்கம் என மூன்றாக வளைந்தால் திரிபங்கம். அந்த வளைவு எல்லை மீறிப் போரும் தாண்டவமும் ஆகும்போது அதிபங்கம். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் தூக்குக்குண்டும் இதுவும் ஒரே கருவிதான். அவர் விலகல் இருக்கக் கூடாது என்று பார்க்கிறார், ஸ்தபதி வேண்டிய அளவு விலகலை அதனாலேயே உண்டாக்குகிறார்.

உயரத்துக்குத் தனி அளவு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். உமை, இலக்குமி போன்ற தேவியருக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம். இங்கே அங்குலம் என்பது இங்கிலாந்து அளவுகோலின் இஞ்ச் ஆகாது, அந்தந்தச் சிலையின் உயரத்திலிருந்தே பிரித்தெடுக்கும் அலகு. ஆனால் தாளக் கணக்கு நிமிர்ந்து நிற்கும் உருவத்துக்கே முழுதாகப் பொருந்தும். குனிந்த, திரும்பிய, கால் தூக்கிய உருவத்தில் சில பாகங்கள் குறுகியும் சில நீண்டும் தெரியும். விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரப் பகுதி அதையும் எடுத்துக்கொள்கிறது. பார்வைக் கோணத்துக்கு ஏற்ப உருவம் குறைவதையும் கூடுவதையும் க்ஷயம், விருத்தி என்று அது அழைக்கிறது. நேராக நிற்பது முதல் முழுதும் திரும்புவது வரை ஒன்பது நிலைகளைச் சொல்கிறது. அதே பகுதியில்தான், நாட்டியம் தெரியாதவருக்குச் சித்திரம் தெரியாது என்ற கருத்தும் மார்க்கண்டேய முனிவர் வாயிலாக வருகிறது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1924ல் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகே நவீன ஓவியர்களின் கண்ணில் இந்த நூல் பரவலாகப் பட்டது.

நாட்டியத்தைச் சித்திரத்தின் முன்பாடமாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் 108 கரணங்களை வரிசையிடுகிறது. ஒவ்வொரு கரணமும் நிற்கும் நிலை, காலின் இயக்கம், கையின் அமைப்பு என மூன்றும் சேர்ந்த ஓர் அசைவு. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில், 1010 வாக்கில், சிவனே ஆடுவதாக 81 கரணங்கள் செதுக்கப்பட்டு மீதி இடம் வெறுமையாக விடப்பட்டது. சிதம்பரம் கோபுரங்களில் அவை பெண் ஆடுவதாக மாறின. கிழக்குக் கோபுரத்தில் கரணப் பலகைகளோடு நாட்டிய சாஸ்திர வரிகளும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதால், படமும் பெயரும் சேர்ந்த பாடநூலாகவே அது நிற்கிறது. திருவண்ணாமலை, விருத்தாசலம் கோபுரங்களிலும் பெண் கரணங்கள் உண்டு.

ஒரு காலைத் தூக்கி நெற்றிவரை கொண்டுபோகும் லலாட திலகம், பின்னே மடக்கிய கால் தேளின் கொடுக்குபோல எழும் விருச்சிக வகைகள், தலைகீழாகக் கைகளை ஊன்றிக் கால்களை மேலேற்றும் கங்காவதரணம் ஆகியவை ஓவியம் பயில்கிறவருக்கு இன்றும் கடினமான உருவங்கள். இவற்றை அசையாத தோரணைகளாகவே நெடுங்காலம் படித்துவந்தார்கள். பரதநாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமண்யம் தம் ஆய்வில், கரணம் என்பது ஓர் இயக்கம், சிற்பி அதில் ஒரு கணத்தை மட்டும் பிடித்திருக்கிறார் என்று நிறுவ முயன்றார். நாட்டிய வரலாற்றில் இது விவாதத்துக்குரிய கருத்தாக இருக்கலாம். வரைகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள கருத்து கிடைப்பது அரிது. ஒரு குதியை வரைவதென்றால், குதிக்கக் குனியும் கணமா, மண்ணைவிட்ட கணமா, இறங்கும் கணமா என்று முதலில் தெரிவு செய்ய வேண்டும். குனியும் கணம் எதிர்பார்ப்பையும் இறங்கும் கணம் எடையையும் காட்டும். நடுவில் உள்ளதுதான் பெரும்பாலோர் தேர்வது, பெரும்பாலும் பலமற்று மிதப்பதும் அதுவே.

வண்ணத்தில் எஞ்சியவை குறைவு. புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் குகையின் முகப்புத் தூண்களில் உள்ள இரு நடன மங்கையர், ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவர்கள். ஒருத்தியின் கை துதிக்கைபோல உடலின் குறுக்கே வீசப்பட்டிருக்கிறது. கோடுகள் மங்கிய பின்னும் அந்த வீச்சு மங்கவில்லை. தஞ்சைக் கோயிலின் உள்சுற்றில் சோழர் ஓவியத்தை 1931ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தபோது, மேலே பூசப்பட்டிருந்த நாயக்கர் காலப் பூச்சின் அடியிலிருந்து ஆடும் பெண்கள் வெளிப்பட்டனர். இடுப்பிலிருந்து திரும்பி நிற்கும் அந்த உடல்களைக் கோடுகள் மட்டுமே தாங்குகின்றன. நிழல் பூசி உருட்டிக்காட்டும் வேலை கொஞ்சம்.

பெங்களூரிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய இன்னொரு பாடசாலை பேலூர். 1117ல் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் எழுப்பிய சென்னகேசவர் கோயிலில், கூரைத் தாழ்வாரத்துக்கும் தூண் தலைக்கும் இடையே சாய்வாக நிறுத்தப்பட்ட மதனிகைகள் என்னும் பெண்சிற்பங்கள் இருக்கின்றன. கண்ணாடி பார்ப்பவள் புகழ் பெற்றவள். ஆனால் இங்கே பேச வேண்டியவர்கள் வில்லேந்திய வேட்டைக்காரி, மத்தளம் கொட்டுபவள், ஆடுபவள் ஆகியோரே. இவர்கள் கட்டடத்தின் சாய்ந்த தாங்கியில் அமைந்திருப்பதால், உருவமே முன்னோக்கிக் கவிழ்ந்து நிற்க வேண்டிய கட்டாயம். அந்தக் கட்டாயத்தை ஆட்டமாக்கினார்கள் சிற்பிகள். பலிகாமியைச் சேர்ந்த தாசோஜரும் அவர் மகன் சாவணரும் தம் பெயரைப் பொறித்தே சென்றிருக்கிறார்கள். நகைகளின் பாரத்தில் உடல் மறைந்துபோகிறது என்று ஹொய்சளச் சிற்பத்தைக் குறைசொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறை முற்றிலும் தவறில்லை. ஆனால் மேகலையின் குஞ்சங்கள் எந்தப் பக்கம் ஊசலாடுகின்றன என்று பார்த்தால், இடுப்பு ஒரு கணம் முன்பு எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பெண் திடீரென்று நின்றுவிட்டாள். 1850ல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி கைத்தொழிலுக்கு உதவும் வரைபடத்தையே முதலில் நோக்கமாகக் கொண்டிருந்தது. அக்காலக் கல்விமுறையில் மனித உருவம், பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து நிழலோடு படியெடுக்கும் பயிற்சியாக வந்தது. வார்ப்பு அசையாது. உயிருள்ள மாடலும் ஒரு மணிநேரம் அசையாமல் நின்றால்தான் கட்டணம் வாங்க முடியும். ஆக, ஐரோப்பிய முறை நுணுக்கத்தைத் தந்து வேகத்தை எடுத்துக்கொண்டது. ரவிவர்மாவின் பெண்கள் பெரும்பாலும் அமர்கிறார்கள், சாய்கிறார்கள், காத்திருக்கிறார்கள். அவர் ஓவியங்களில் அசைவுக்கு அருகில் வருவது முள் எடுப்பதுபோல நடித்துத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலை. அங்கும் அவள் தோழியின் தோளில் கை ஊன்றித்தான் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஊன்றுகோலில்லாத ஒற்றைக்கால் அந்த மாடல் வகுப்பில் சாத்தியமில்லை.

மேற்குலகம் அந்தத் தடையைப் புகைப்படத்தால் உடைத்தது. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887ல் வெளியிட்ட 781 தட்டுகளில் ஆண்களோடு பெண்களும் ஓடுகிறார்கள், படி இறங்குகிறார்கள், குதிக்கிறார்கள். இந்தியாவில் மாற்றம் மறுபக்கத்திலிருந்து வந்தது. கல்கத்தாவில் அபனீந்திரநாத் தாகூர் 1914ல் இந்திய உடலமைப்பு பற்றி எழுதிய சிறு நூலில் பங்கங்களையும் தாளங்களையும் மீண்டும் விளக்கினார். அதற்கான படங்களை வரைந்தவர்களில் மைசூர்ச் சீமையிலிருந்து போன மாணவர் கே. வெங்கடப்பாவும் ஒருவர். பிற்காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து 1965ல் மறைந்த அவர் பெயரில் கஸ்தூர்பா சாலையில் கலைக்கூடம் இருக்கிறது.

சென்னைப் பள்ளிக்கு 1929ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி தலைவராக வந்து 1957 வரை இருந்தார். உயிருள்ள மாடலை வைத்து வரையும் வகுப்பு அவர் காலத்தில் வலுப்பெற்றது. ஆனால் அவர் செய்த வேகமான உருவங்கள் எந்தப் பால் என்று பார்க்க வேண்டும். மெரினாவில் 1959ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரும் ஆண்கள். அதே கடற்கரையில், 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுந்த கண்ணகி, வேறொருவர் கையில் உருவானவள், கூந்தல் விரிய, சிலம்பேந்திய கையை நீட்டி நிற்கிறாள். சினம் கொண்ட பெண் உருவத்துக்கு அந்த நீண்ட கையே பொதுச்சின்னமாகிவிட்டது. உடலைக் கவனித்தால் கையைத் தவிர மற்ற பகுதி கிட்டத்தட்டச் சமபங்கத்தில் நிமிர்ந்தே இருக்கிறது. 

வேகம் மீண்டும் திரும்பிய இடம் வார இதழ். இங்கே தொழில்நுட்பம் ஆசிரியரைவிடக் கறாரானது. அன்றைய அச்சில் கோட்டுப் படம் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்துப் பிளாக்காக்கப்பட்டது. சாம்பல் நிறம் கிடையாது, கறுப்பு உண்டு அல்லது வெள்ளை உண்டு. ஆகவே ஓவியர் நிழல் பூசி ஏமாற்ற முடியாது, தூரிகையின் ஒரே இழுப்பில் தோளிலிருந்து முழங்கால்வரை சொல்லியாக வேண்டும். ஆனந்த விகடனில் ஓவியர் மாலி ஒரு தலைமுறைக்கு அதைக் கற்றுத்தந்தார். சென்னைக் கலைப்பள்ளியில் படித்து வந்த பி. எம். சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்று பெயரிட்டவரும் அவரே. கோயில் கோயிலாகப் போய்ச் சிலை முன் அமர்ந்து சில்பி வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்கு எழுத்தாளர் தேவன் குறிப்பு எழுதினார். அந்தப் பக்கங்களை வெட்டி ஒட்டிப் படியெடுத்துக் கற்றவர்கள் தமிழ் நாட்டிலும் வெளியிலும் ஏராளம். கரணமும் பங்கமும் ஸ்தபதியின் பட்டறையிலிருந்து நடுத்தர வீட்டு மேசைக்கு வந்தது அப்படித்தான்.

ஓவியர் கோபுலு அசைவை நகைச்சுவைக்கும் ஆட்டத்துக்கும் சமமாகப் பயன்படுத்தினார். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் வரைந்த மோகனாவின் அரைமண்டி சரியாக இருப்பதற்குக் காரணம் முழங்கால் மட்டும் மடங்கியிருப்பதல்ல. இடுப்பு உண்மையாகவே தாழ்ந்திருக்கும், தொடைகள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். கல்கி 1950ல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது ஓவியர் மணியத்தைத் தம்முடன் அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் அழைத்துச் சென்றார். அத்தொடரில் நந்தினியையும் குந்தவையையும் விட வரைகிறவருக்குச் சவாலானவள் ஓடக்காரி பூங்குழலி. துடுப்பு வலிப்பவளின் விசை கையில் பிறப்பதில்லை. பாதம் ஊன்றி, முதுகு பின்னே சாய, தோள் கடைசியாக வர, கை வெறும் கயிறாகவே வேலை செய்கிறது. பின்னாளில் ஓவியர் ஜெயராஜ், எழுத்தாளர் சுஜாதாவின் கதைகளுக்குப் பேண்ட்டும் குட்டைப் பாவாடையும் அணிந்த நகரப் பெண்ணை வரைந்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் அவர் பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள் என்பதும் அப்போதே நடந்தது.

சினிமா பேனர் இந்த வரிசையில் அவ்வளவாகச் சேராது. கட்டம் போட்டுப் புகைப்படத்தைப் பெரிதாக்கும் முறையில் கதாநாயகியின் முகமே பெரும்பங்கு பெற்றது, பாய்வது நாயகனுக்கு ஒதுக்கப்பட்டது. விதிவிலக்காக, கே. டி. ருக்மணி சண்டையிட்ட ‘மின்னல் கொடி’ 1937லேயே வந்துவிட்டது. தெலுங்கில் 1990ல் வந்த விஜயசாந்தியின் படம் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்’ ஆகத் தமிழ் பேசியபோதுதான் காக்கி அணிந்த பெண் தமிழ்ச் சுவரொட்டியை ஆக்கிரமித்தாள்.

சண்டையிடும் பெண்ணைப் பக்கம் பக்கமாக வரைந்து காட்டியது காமிக்ஸ். சிவகாசியில் 1984ல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழே மாடஸ்டி பிளைசியின் சாகசம். பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய 1963ல் லண்டன் நாளிதழில் பிறந்தவள் அவள். ஹோல்டவே கறுப்பு வெள்ளையில், உதைக்கும் காலுக்கு எதிராக இன்னொரு கை எப்படிப் பின்னே போகிறது என்பதைத் தவறாமல் காட்டினார். ஓவியக் கையேடுகளில் நிக்கோலைடிஸின் 1941ஆம் ஆண்டு நூலும், ஸ்டான் லீயும் ஜான் புஸ்செமாவும் 1978ல் வெளியிட்டதும், உருவத்தின் அசைவைப் பிடிக்கும் கோட்டுக்கு முக்கிய இடம் தருகின்றன. ஸ்தபதியின் தூக்குநூல் நேர்க்கோடு, இவர்களுடையது வளைகோடு. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

2006ல் விர்ஜின் காமிக்ஸ் பெங்களூரில் ஓவியக்கூடம் நடத்தியபோது இரண்டு தடங்களும் ஒரே ஊரில் சந்தித்தன. ஷேகர் கபூரின் கருத்தில் உருவாகி முகேஷ் சிங் வரைந்த ‘தேவி’, துர்க்கைக் கதையை அமெரிக்கச் சாகசப் பாணியில் சொன்னது. அந்தப் பாணி எடுத்துவந்த மெல்லிய இடை, நீண்ட கால் மிகைகளும் உடன் வந்தன. பேலூர் சிற்பியும் மிகைப்படுத்தியவரே. ஆனால் அவருடைய மிகை நூலுக்குக் கட்டுப்பட்டது, எடை எங்கே விழுகிறது என்று கேட்டால் பதில் சொன்னது. மார்பும் பின்புறமும் ஒருசேரப் பார்வையாளரை நோக்கத் திருகப்பட்ட அட்டைப்படப் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் முதுகெலும்பு உடைந்துவிடும்.

இன்று காக்ஸ் டவுனில் பயில்பவரிடம் திரையில் எண்ணற்ற புகைப்படங்கள் இருக்கின்றன. முப்பது நொடியில் ஓர் உருவம் என்ற வேகப் பயிற்சி பரவலாகிவிட்டது. பெண்ணுருவத்துக்கென்று கவனிக்க வேண்டியவை சிலவே. இடுப்பெலும்பு அகலமாக இருப்பதால் தொடைகள் முழங்காலை நோக்கி உள்வாங்கிச் சாய்கின்றன. ஒற்றைக்காலில் எடை ஏறினால் இடுப்புச் சரிவு ஆணைவிடத் தெளிவாகத் தெரியும். உடலின் எடைமையம் சற்றுக் கீழே இருக்கிறது. கை நீட்டும்போது முன்கை புஜத்திலிருந்து கொஞ்சம் வெளியே விலகும். இவற்றை அமைக்கும் வரிசையும் பழையதே. முதலில் அசைவின் கோடு, பிறகு தோளும் இடுப்பும் எதிரெதிராகச் சாயும் இரு கோடுகள், எடைமையத்திலிருந்து தரைக்கு ஒரு நூல். நூல் ஊன்றிய பாதத்துக்குள் விழுந்தால் உருவம் நிற்கும். வெளியே விழுந்தால் அவள் ஓடுகிறாள், அல்லது விழுகிறாள். எது என்று அடுத்த காலை எங்கே வைப்பதென்பதே முடிவு செய்கிறது.

துணி கடைசி. முந்தானையும் சடையும் உடலோடு சேர்ந்து கிளம்புவதில்லை, ஒரு கணம் பிந்தி வருகின்றன. உடல் வலப்பக்கம் திரும்பிவிட்டபோதும் சடை இன்னும் இடப்பக்கம் இருக்கும். மடிப்புகள் இறுகும் இடம் விசை பிறக்கும் இடம், பெரும்பாலும் இடுப்பிலோ முழங்காலிலோ. ஆகவே புடவை கட்டிய உருவத்தை வரையும்போது, உள்ளே இருக்கும் கால்களை முழுதாக வரைந்துவிட்டு, அவற்றின் மேல் மடிப்புகளை இறக்கி, பிறகு கால்களின் கோட்டை அழிப்பது வழக்கம்.